அசிட் இல்லை: பாக்கியம் ஒட்டிய லேபிள்

எதையும் எண் போட்டு எழுதிக்கொண்டால்தான் எனக்குப் பேச வரும். நம் ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த உங்களுக்கு இது தெரியும். அதற்காக என்னைக் கேலி செய்தும் இருக்கிறீர்கள். பாக்கியத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதும் முதலில் இந்தப் பட்டியலைத்தான் எழுதினேன்.

1. செய்தி வந்த விதம்.
2. ரப்பரில் இருக்கும் கொழுப்பு அமிலம் என்ன செய்கிறது என்பதைப் பாக்கியம் புரிந்துகொண்ட விதம். அது என் விதத்தைவிடத் தெளிவானது.
3. ஒரு டின்னின் மேல் அவர் எழுதிய இரண்டு சொற்களை நான் தவறாகப் படித்தது. நம்மில் பலர் இதைப் பாக்கியத்தின் தவறு என்றே இன்றுவரை சொல்லி வருகிறோம்.
4. அது என் தவறு என்பதை அறியாமலே அவர் போய்விட்டது.
5. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது.

வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

புதன்கிழமை காலை ஒன்பதரை மணி இருக்கும். பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை பாக்கியத்திடம் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போவேன். நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தோசைக்கடையில் இருவரும் காலை உணவு சாப்பிடுவோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தொடங்கிய பழக்கம். ஆரம்பத்தில் ஆறேழு பேர் வந்தீர்கள். பிறகு முட்டிவலி, பேரப்பிள்ளைகள் என்று ஒவ்வொருவராக நின்றுபோய், கடைசியில் நாங்கள் இருவர்தான்.

மூன்றாவது வாக்கியத்தில் இருந்தபோது போன் அடித்தது. பாக்கியத்தின் எண். பேசியது அவருடைய மகள் கவிதா.

“அங்கிள், அம்மா தவறிட்டாங்க.”

எனக்கு அந்தச் சொல் அதன் பொருளோடு வந்து சேரவில்லை. படியில் கால் தவறிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

“விழுந்துட்டாங்களா? எந்த ஆஸ்பத்திரில இருக்காங்க?”

“இல்ல அங்கிள். அம்மா போயிட்டாங்க.”

“வெள்ளிக்கிழமை வர்றதா சொன்னாங்களே,” என்றேன்.

அறிவுள்ள ஒரு மனிதன் சொல்லக்கூடிய பதிலா அது? ஆனால் அதைத்தான் சொன்னேன். இரண்டாம் தடவையும் சொன்னேன். தாயை இழந்த பெண் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. “ஆமா அங்கிள், சொன்னாங்க. எனக்கும் தெரியும்.”

காலையில் துணி காயப்போடப் பின்பக்கம் போனவர், வாளியைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாராம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. அவ்வளவுதான். சர்க்கரை இல்லை, இரத்தக் கொதிப்பு இல்லை. என்னைவிட ஐந்து வயது இளையவர். எங்கள் இருவரில் யார் முதலில் போவது என்பது எனக்கு ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை.

முந்தின நாள் மாலைதான் அவருக்கு வாட்ஸப்பில் எழுதியிருந்தேன்: “வெள்ளி ஒன்பது மணி. உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.” அவர் குரல் பதிவில் பதில் அனுப்பினார். “என்னா சார் பெரிய விசயம், பென்சன கூட்டிட்டாங்களா? சரி சரி, நேர்ல வாங்க. இந்தத் தடவ தோசை நான் வாங்கித் தரேன்.” பதிவின் கடைசியில் ஒரு சிரிப்பு. அதைத் திரும்பக் கேட்கப் பலமுறை விரலைக் கொண்டுபோய்விட்டு எடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை தகனம் முடிந்தது. மறுநாள் காலை நான் மறுபடியும் கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெள்ளிக்கிழமை, ஒன்பது மணி என்று எழுதிவைத்திருந்தேன், போனேன். எங்கள் மேசையில் உட்கார்ந்தேன். தோசை போடும் தம்பி எட்டிப் பார்த்தார்.

“என்னா அங்கிள், ஆன்டி லேட்டா? அவங்களுக்கு முறுவலா ஒண்ணு போட்டுரவா?”

“போடுங்க,” என்றேன்.

இரண்டு தட்டு வந்தது. இரண்டும் ஆறிப்போகும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன். அந்தத் தம்பியிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இரண்டாவதுக்கு வருகிறேன். நம்மோடு வேலை பார்க்காதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன்.

நம் ஆய்வுக்கூடம் கிள்ளானில் ஒரு தனியார் ரப்பர் நிறுவனத்தின் பின்கட்டில் இருந்தது. இன்று அங்கே லோரிகள் வந்து போகும் ஒரு கிடங்கு. குளிர் நாட்டிலிருந்து ஒரு வாடிக்கையாளர் கேட்டிருந்தார்: நீங்கள் அனுப்பும் ரப்பர் கட்டிகள் பனிக்காலத்தில் எங்கள் கிடங்கில் மரக்கட்டைபோல் ஆகிவிடுகின்றன, வெட்ட முடியவில்லை; ஏன், எப்படித் தாமதப்படுத்துவது?

குளிரில் ரப்பர் விறைப்பது, தண்ணீர் பனிக்கட்டியாவது போன்றதல்ல. ரப்பரின் மூலக்கூறுகள் மிக நீண்ட நூல்கள். சாதாரண வெப்பத்தில் அவை சிக்குண்டு தாறுமாறாகக் கிடக்கும். குளிரில் அங்கங்கே சில நூல்கள் பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக அடுக்கிக்கொள்ளும். படிகமாதல் என்று சொல்வது அதைத்தான். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரியை ஒட்டி அது மிக வேகமாக நடக்கும். படிகமாகும் ரப்பர் கொஞ்சம் சுருங்கும். அதை ஒரு கண்ணாடிக் குமிழில் பாதரசத்தோடு அடைத்துக் குளிரில் வைத்தால், சுருங்கச் சுருங்க மேலே மெல்லிய குழாயில் பாதரசம் இறங்கும். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று குறிப்பதுதான் எங்கள் வேலை. மாதிரிகளைத் தயாரிப்பவர் பாக்கியம். குறித்துக் கணக்கிட்டு அறிக்கை எழுதுபவன் நான்.

மரத்திலிருந்து வரும் ரப்பரிலேயே கொழுப்பு அமிலங்கள் கொஞ்சம் கலந்திருக்கின்றன. அசிட்டோனில் நெடுநேரம் கழுவினால் அவற்றில் பெரும்பகுதி போய்விடும். அப்படிக் கழுவிய ரப்பர் விறைக்க அதிக நேரம் எடுக்கும். அதில் ஸ்டியரிக் அமிலத்தைக் கொஞ்சம் திரும்பச் சேர்த்தால் மறுபடியும் சீக்கிரம் விறைக்கும். புத்தகங்களில் நான் படித்தது இது. நம் ரப்பரில் அப்படி நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாக்கியத்துக்கு இதை விளக்கியபோது, ‘கொழுப்பு அமிலம்’ என்ற சொல்லை நான் மிகுந்த அக்கறையோடு தமிழில் சொன்னேன். அவர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“இதுக்கு எதுக்கு சார் மெசினு? கொழுப்பெடுத்தது சீக்கிரம் விறைச்சிக்கும். கழுவி விட்டா அடங்கி நிக்கும். எங்க தோட்டத்துல மண்டோர் எல்லாம் இப்படித்தான்.” தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரியைத்தான் மண்டோர் என்பார்.

இன்னொரு நாள் ஒரு சிக்கலான கேள்வி வந்தது. கொழுப்பு அமிலங்களில் ஸ்டியரிக் போன்றவை ஒரு வகை, குளிரில் கெட்டியாகும். இன்னொரு வகை எண்ணெய்போல் இளகியே இருக்கும். முதல் வகை படிகத்துக்கு விதையாகிறது. இரண்டாம் வகை ரப்பரை நெகிழவைக்கிறது. நெகிழவைப்பது விறைப்பைத் தாமதப்படுத்த வேண்டும் அல்லவா? ஆனால் இரண்டும் சேர்ந்திருந்தால் இன்னும் வேகம் என்றுதான் படித்திருந்தேன். எனக்கு அது மனத்தில் உட்காரவே இல்லை. வாய்விட்டுப் புலம்பிக்கொண்டிருந்தேன்.

பாக்கியம் சொன்னார்: “கோயில்ல அன்னதானம் பாத்ததில்லயா சார்? எல்லாரும் நின்னுக்கிட்டே இருப்பாங்க. ஒருத்தர் போயி முதல்ல உக்காரணும். அவரப் பாத்து அடுத்தவர், அப்புறம் வரிசை தானா போயிரும். அது உங்க மெழுகு. ஆனா நாற்காலி நெருக்கமா கிடந்தா உக்கார வர்றவன் எப்படி உள்ள போவான்? நாற்காலிய நகத்தி வழி விட ஒரு ஆள் வேணும். அது அந்த எண்ணெய். ரெண்டு பேரும் இருந்தா பந்தி சீக்கிரம் ரொம்பிரும் லா.”

என்னிடம் பட்டம் இருந்தது. அவரிடம் ஆறாம் வகுப்பும் இந்த விளக்கமும் இருந்தன. அதற்குப் பிறகு யார் என்னிடம் இதைக் கேட்டாலும் அன்னதானத்தைத்தான் சொல்லியிருக்கிறேன். யார் சொன்னது என்று சொன்னதில்லை.

அவர் ஸ்டியரிக் அமிலத்தை மெழுகு என்பார் என்பதைக் கவனியுங்கள். மெழுகுவர்த்தியை உதிர்த்துப் போட்டதுபோல் வெள்ளைச் செதிலாக இருக்கும் பொருள் அது. அதை அமிலம் என்று அவர் வாய் ஒருநாளும் சொன்னதில்லை. நான் இதைக் கவனித்திருக்க வேண்டும்.

மூன்றாவது.

நான் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன். அசிட் என்ற சொல் எனக்குப் பள்ளி இரசாயனப் பாடத்தில் அறிமுகமானது. அதில் பல உண்டு. பாக்கியம் சுங்கை பூலோ பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அம்மாவுக்கு ரப்பர்ப் பால் சேர்க்கும் ஸ்டோரில் வேலை. அங்கே அசிட் என்றால் ஒன்றே ஒன்றுதான்: ரப்பர்ப் பாலை உறையவைக்க ஊற்றும் ஃபார்மிக் அமிலம். எங்கள் இருவர் வாயிலும் ஒரே சொல் இருந்தது. ஒரே அறையில் ஏழு வருடம் அதைப் பேசியும் அது இரண்டு சொல் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அந்த ஆண்டு என் தகப்பனார் நோயில் கிடந்தார். ஒரு வாரம் விடுப்பில் போனேன். அந்த வாரத்தில் பாக்கியம் மாதிரிகளைத் தயாரித்து, வட்ட டின்களில் வைத்து லேபிள் ஒட்டியிருந்தார். அவராகவே ஒரு சோதனையையும் சேர்த்திருந்தார். உறையவைக்க ஊற்றும் அசிட்டே விறைப்புக்குக் காரணமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, கொஞ்சம் பாலை அசிட் ஊற்றாமல் கண்ணாடித் தட்டில் பரப்பிக் காயவைத்திருந்தார். நல்ல யோசனை. நான் சொல்லியிருக்க வேண்டிய யோசனை. அந்த டின்னில் ‘அசிட் இல்லை’ என்று எழுதினார். வழக்கப்படி உறையவைத்ததில் ‘அசிட் போட்டது’ என்று எழுதினார். இரண்டும் கழுவாத ரப்பர். இரண்டிலும் இயற்கையான கொழுப்பு அப்படியே இருந்தது. இதை அவர் என்னிடம் சொன்னாரா என்று எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பார்.

விடுப்பிலிருந்து திரும்பிய நான் இரண்டு டின்னையும் எடுத்தேன். ‘அசிட் இல்லை’ என்றால் கொழுப்பு அமிலம் கழுவப்பட்டது, ‘அசிட் போட்டது’ என்றால் ஸ்டியரிக் சேர்த்தது என்று படித்தேன். குளிரில் வைத்தேன். இரண்டிலும் பாதரசம் ஒரே வேகத்தில் இறங்கியது.

அங்கே நான் நின்றிருக்க வேண்டும். புத்தகம் ஒன்றைச் சொல்கிறது, குழாய் வேறொன்றைச் சொல்கிறது என்றால் டின்னைத் திருப்பிப் பார்ப்பவன்தான் ஆய்வாளன். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பவன் நான். அந்த ஒருநாள் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. புத்தகத்துக்கு மாறான ஒன்றை நானே கண்டுவிட்டேன் என்ற மகிழ்ச்சியாக இருக்கலாம். ‘இந்த ரப்பரில் கொழுப்பு அமிலத்துக்கும் விறைப்புக்கும் தொடர்பில்லை’ என்று அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டேன்.

சில மாதம் கழித்து வாடிக்கையாளரின் கடிதம் வந்தது. வேறோர் இடத்தில் சோதித்துப் பார்த்தார்களாம். கழுவிய ரப்பர் விறைக்க எத்தனையோ மடங்கு நேரம் எடுக்கிறதாம். உங்கள் அறிக்கையை நம்பி ஒரு பனிக்காலத்தை வீணாக்கினோம், இனி உங்களிடம் வாங்குவதாக இல்லை என்று முடித்திருந்தார்கள்.

மேலாளர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். அவரும் தமிழர்தான். மேசைமேல் ‘அசிட் இல்லை’ என்று எழுதிய அந்த டின் இருந்தது.

“இது யாரோட ஹேண்ட்ரைட்டிங்?”

நான் டின்னைப் பார்த்தேன். பாக்கியம் ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“என்னோடதுதான் போஸ். நாந்தான் மாத்தி ஒட்டிட்டேன்.”

“உள்ள என்னா இருக்குன்னு தெரியாமலா ஒட்டுவ? தோட்டத்துல தேங்கா எண்ணுற வேலையா இது?”

“தப்புதான் போஸ்.”

உண்மையிலேயே அவர்தான் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டார் என்று அந்த நேரத்தில் நான் நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இன்றும் நினைக்கிறேன். அவருக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். டின்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் அவர் மூத்த உதவியாளராக வேண்டியவர். அதற்கான கடிதம் தட்டச்சாகிவிட்டது என்றுகூடச் சொன்னார்கள். அது வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவரைத் தொழிற்சாலைப் பக்கம் கலவை அறைக்கு மாற்றினார்கள். ரப்பரோடு கரித்தூளைச் சேர்த்து உருளைகளில் அரைக்கும் அறை. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது என்பார். நம் கூட்டங்களில் எத்தனை முறை ‘பாக்கியம் லேபிள் மாத்துன கதை’ என்று சொல்லிச் சிரித்திருக்கிறோம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவர் கலவை அறைக்குப் போன இரண்டாம் வாரம் அவருடைய குறிப்பேடு என் கைக்கு வந்தது. நான் விடுப்பில் இருந்த வாரத்தின் பக்கத்தில், கோணல் எழுத்தில் தெளிவாக எழுதியிருந்தார்: ‘பெரிய டின் அசிட் போட்டது. சின்ன டின் அசிட் இல்லை, தட்டுல காஞ்சது. ரெண்டும் கழுவாதது. கழுவுனது பிரிட்ஜ்ல பின்னால.’ குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். பின்னால் இரண்டு டின்கள் இருந்தன. ஒன்றில் ‘கழுவுனது’. இன்னொன்றில் ‘கழுவி மெழுகு போட்டது’. இரண்டையும் யாரும் தொடவே இல்லை.

நான் குறிப்பேட்டை மூடி மேசையின் அடி இழுப்பறையில் வைத்தேன். நாளைக்கு மேலாளரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நாளை வரவேயில்லை.

இப்படித் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தபோது இன்னொன்று நடந்தது. ஒருநாள் மதியம் கேன்டீனில் ஒரே கூச்சல். கேன்டீன் நடத்திய செல்லம்மா அக்காவை உங்களுக்கு நினைவிருக்கும்.

“ஏ பாக்கியம், ஐஸ்கிரீம் பெட்டியில என்னத்த வெச்சிருக்க? செருப்புத் தோலா?”

“ரப்பர்க்கா. சுத்தமானதுதான். ஒங்க ஐஸ்கிரீமவிடச் சுத்தம்.”

“எடுத்துட்டுப் போறியா, கறியில போட்டு ஆக்கவா?”

“ஆக்குங்க. போன வாரம் ஆக்குன கோழி இதவிட விறைப்பு.”

பாக்கியம் இரண்டு பட்டைகளை எடுத்துக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்தார். சில நாட்களாக அந்தப் பெட்டியில் வைத்திருந்திருக்கிறார். ஒன்றை மேசையில் தட்டினார், மரப்பலகை சத்தம். இன்னொன்றை மடக்கினார், மடங்கியது. இரண்டிலும் பெரிய அச்செழுத்தில் காகிதம் ஒட்டியிருந்தது: ‘கழுவாதது’, ‘கழுவியது’.

“பாத்தீங்களா சார். இந்தத் தடவ அசிட்டுன்னு எழுதல. யார் படிச்சாலும் புரியிற மாதிரி எழுதிட்டேன்.”

சொல்லிவிட்டு என் முன்னால் நின்றார். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை நின்றார். நான் விறைத்த பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “ரொம்பச் சரியா வந்திருக்கு,” என்றேன். கைச்சூட்டில் அது மெல்ல இளகியது. படிகங்கள் அந்தச் சூட்டுக்கே கரைந்துவிடும்.

“சரி சார், வரேன்,” என்று கலவை அறைக்குத் திரும்பிப் போனார்.

பட்ட அடியில் பாவம் லேபிள் எழுதுவதில் கவனமாகிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

நான்காவதாக எழுதியிருந்தது இது, அப்படியே தருகிறேன்.

‘பாக்கியம் கடைசிவரை அது தன்னுடைய தவறு என்றே நம்பினார். உண்மையைச் சொன்னால் அத்தனை வருடம் கரியில் நின்றது யாருக்காக என்று தெரிந்து மனம் உடைவாரே என்றுதான் நான் தள்ளிப்போட்டேன். அவர் அறியாமல் இருப்பது அவருக்கு நிம்மதி என்று நினைத்தேன். இந்த வருடம்தான், சொல்லாமல் சாகக்கூடாது என்று துணிந்தேன். சாகப்போவது நான் என்று எண்ணியிருந்தேன். இரண்டு நாள் பிந்திவிட்டது.’

இதுவரை எழுதிவிட்டு, பதினாறாம் நாள் காரியத்துக்காகக் கிள்ளானுக்குப் போனேன். இனி எழுதுவது திரும்பி வந்த பிறகு எழுதுவது.

வீட்டில் கூட்டம் கலைந்தபின் கவிதா எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மாவைப் போலவே நேராகக் கேட்கும் பெண்.

“அங்கிள், அந்த வெள்ளிக்கிழமை அம்மாகிட்ட என்ன சொல்ல இருந்தீங்க?”

எழுதிய தாள் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துப் படிக்க முடியவில்லை. “பழைய விஷயம்மா. லேப்ல ஒரு டின். அதுல ஒரு லேபிள்…” என்று தொடங்கினேன்.

“‘அசிட் இல்லை’யா?”

கையிலிருந்த தேநீர் சட்டையில் கொட்டியது. கவிதா துண்டை எடுத்து நீட்டினார்.

“அது எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும் அங்கிள். நாங்க சின்னப் புள்ளையில ஏதாவது தப்பாப் புரிஞ்சுக்கிட்டா அம்மா அதத்தான் சொல்வாங்க. ‘அசிட் இல்லன்னு படிச்சிட்டியா?’ன்னு. என் தம்பி பரீட்சையில கேள்விய மாத்திப் படிச்சுட்டு வந்தப்பகூட அதான். சார் மாதிரி படிக்காதேன்னு.”

“யார் தப்புன்னு அவங்களுக்கு…”

“அன்னைக்கே தெரியும். அந்த டின்ன மேசையில பாத்ததுமே புரிஞ்சிருச்சாம், நீங்க எதை எதுன்னு படிச்சிருப்பீங்கன்னு. உங்க மூஞ்சியப் பாத்தாங்களாம். ‘சாருக்கு அப்பா முடியாம கிடக்குறாரு. ஒரு பேச்சு விழுந்தா ஒரு வாரம் சோறு இறங்காத மனுசன். நமக்குப் பேச்சு என்னா புதுசா’ன்னு நெனச்சுத் தன் தப்புன்னு சொல்லிட்டாங்களாம்.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கவிதா நிறுத்தவில்லை. நிறுத்தாததற்கு நன்றி சொல்ல வேண்டும்.

“ஆனா அங்கிள், பொய் சொல்லக் கூடாது. கலவை அறைக்கு அனுப்புவாங்கன்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்னும் சொல்லியிருக்காங்க. ஒரு திட்டோட போயிரும்னு நெனச்சுட்டாங்க. அப்புறம் சார் வந்து சொல்வாரு, சொல்வாருன்னு பாத்தாங்க. ஐஸ் பெட்டியில ரப்பர வெச்சு எடுத்துட்டுப் போயிக்கூடக் காட்டினாங்களாம். நீங்க நல்லா இருக்குன்னு சொன்னீங்களாம்.”

“ஆமா.”

“அதோட கேக்குறத விட்டுட்டாங்க. உங்கமேல கோவம் இருந்துச்சு. ரெண்டு மூணு வருசம் நல்ல கோவம். பிறகு அதுவும் போயிருச்சு. மாசா மாசம் தோசைக்கு வந்துக்கிட்டுத்தானே இருந்தாங்க.” கொஞ்சம் நிறுத்தினார். “அந்தச் செவ்வாக்கெழமை உங்க மெசேஜ் வந்ததும் எனக்குப் போன் பண்ணாங்க. ‘கவிதா, வெள்ளிக்கெழமை சார் சொல்லப் போறாரு’ன்னாங்க. என்ன சொல்லப் போறாருன்னு கேட்டேன். ‘நீ வேணா பாரு’ன்னாங்க. சந்தோசமா இருந்தாங்க அங்கிள்.”

எப்படி ரயில் ஏறி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை.

ஐந்தாவதாக அவருடைய பொறுமை, நகைச்சுவை, வேலையில் நேர்த்தி என்று மூன்று எழுதி வைத்திருந்தேன். அவற்றை அடித்துவிட்டேன். பொறுமை என்று நான் எண்ணியிருந்தது காத்திருப்பது. ஒரு மனிதன் வாய் திறப்பான் என்று அவர் இத்தனை வருடம் தோசை சாப்பிட்டுக்கொண்டே காத்திருந்தார். நான் வைத்துக்கொள்வது அந்தச் செவ்வாய் மாலை ஒன்றைத்தான். அன்று மாலையிலிருந்து மறுநாள் காலை துணி வாளியைத் தூக்கும்வரை, நான் சொல்லிவிடுவேன் என்று பாக்கியம் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு நான் செய்யக்கூடியது, அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்வது. லேபிள் சரியாகத்தான் இருந்தது. அதை ஒட்டியவரும் சரியாகத்தான் செய்தார். இனி அந்தக் கதையை யாராவது சொன்னால் என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள்.

பட்டியலைத் திருத்தாமல் மேலே அப்படியே விட்டிருக்கிறேன். அதில் நான்காவது தவறு. அவருக்கு முதல் நாளே தெரியும்.